குட்டி டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் கார்டும் கூடுதல் டிஸ்க்கும்: எதை முதலில், எதை அப்புறம்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சின்ன ஆபீஸ்களில் இப்போது ஒரு லிட்டர் அளவுள்ள குட்டி டெஸ்க்டாப்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட லெனோவோ டைனி, ஹெச்பி மினி, டெல் மைக்ரோ வகைகள் இவை. இவற்றில் கூடுதல் லேன் போர்ட்டும் டிஸ்க்கும் சேர்த்து, ரூட்டராகவோ பேக்கப் சர்வராகவோ ஓட வைப்பதற்கான வழிமுறை இது.

ஸ்க்ரூ கழற்ற எல்லோருக்கும் தெரியும். புதிதாக இறங்குகிறவர்கள் இடறுவது வரிசையில்தான். கார்டை ஆர்டர் போட்டுவிட்டு, அது வந்த பிறகு பெட்டியின் மூடியைத் திறக்கிறார்கள். இந்தப் பெட்டிக்குள் இடமும் கரண்டும் காற்றோட்டமும் அளவாகத்தான் இருக்கும். ஒன்றைப் போட்டால் இன்னொன்றை எடுத்தாக வேண்டும். எதை எடுக்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகே காசை வெளியே எடுங்கள்.

1. என்ன வேலைக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்

"ஏனுங்க, இதுல ரெண்டு நெட் லைனும் போட்டு, சிசிடிவியும் சேவ் பண்ணி, டேலி பேக்கப்பும் எடுத்துக்கலாங்களா?" பனியன் கம்பெனி ஆபீஸ்களில் முதலில் வரும் கேள்வி இதுதான். மூன்றையும் ஒரே பெட்டியில் திணிக்க முடியும், ஆனால் வேண்டாம்.

இரண்டு இன்டர்நெட் லைனை ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்கு மாற்றுவது நெட்வொர்க் கார்டு வேலை. கணக்குக் கோப்புகளுக்கும் டிசைன் கோப்புகளுக்கும் பேக்கப் எடுப்பது டிஸ்க் வேலை. இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒத்துப்போகும்.

சிசிடிவி அப்படி இல்லை. எட்டு கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மொத்தம் நொடிக்கு 4 எம்பி (மெகாபைட்), ஒரு நாளைக்குச் சுமார் 345 ஜிபி. ஒரு மாதம் வைக்க 10 டிபிக்கு மேல் வேண்டும். பெட்டிக்குள் போகும் 2.5 அங்குல டிஸ்க் 7 மிமீ தடிமன் உள்ளது. அந்தத் தடிமனில் ஹார்ட் டிஸ்க் 2 டிபியோடு நின்றுவிடுகிறது. 4, 5 டிபி டிஸ்க்குகள் 15 மிமீ தடிமன், உள்ளே போகாது. அதனால் கேமராவை அதற்கென்று உள்ள என்விஆர் (கேமராப் பதிவு) பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

2. மூடியைத் திறந்து, இருப்பதைப் பாருங்கள்

ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கைமாறி வந்த பெட்டிகளில் கேடி (டிஸ்க்கைப் பிடிக்கும் சட்டம்), கேபிள், எம்.2 (பட்டை வடிவ டிஸ்க், கார்டு செருகும் குட்டி ஸ்லாட்) ஸ்க்ரூ எல்லாம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. திறந்து நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பேசும்போதும் திரும்ப மாட்டும்போதும் அதுதான் உதவும்.

லெனோவோ எம்720கியூ, எம்920கியூ, எம்920எக்ஸ் ஆகியவற்றின் போர்டில் ரைசர் (கார்டைப் படுக்கவைத்துச் செருக உதவும் குட்டி இடைப்பலகை) செருகும் இடம் இருக்கிறது. ரைசரை மாட்டினால் லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) பிசிஐஇ கார்டு (கணினியில் கூடுதல் வசதிக்காகச் செருகும் கார்டு) ஒன்று படுத்தவாக்கில் உட்காரும். அது உட்காரும் இடம் 2.5 அங்குல டிஸ்க்கின் இடம். ஆக, கார்டு போட்டால் அந்த டிஸ்க் போச்சு. எம்.2 ஸ்லாட்டும் ரேமும் போர்டின் அடிப்பக்கம் இருப்பதால் அவற்றுக்குத் தொந்தரவு இல்லை. எம்720கியூ, எம்920கியூவில் என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் செருகும் வேகமான எஸ்எஸ்டி) போட ஒரு எம்.2 ஸ்லாட், எம்920எக்ஸில் இரண்டு. கார்டும் வேண்டும், இரண்டு டிஸ்க்கும் வேண்டும் என்றால் தேடவேண்டியது எம்920எக்ஸ்.

லெனோவோ என்றாலே ரைசர் இருக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். எம்710கியூ, எம்75கியூ இரண்டும் வெளியே பார்க்க அச்சு அசல் அதே மாதிரிதான். பிசிஐஇ ஸ்லாட் கிடையாது. எம்90கியூவில் உண்டு, ஆனால் அதற்கு ரைசர் வேறு.

ஹெச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினியில் நெட்வொர்க் கார்டு செருகும் ஸ்லாட் இல்லை. பதிலுக்கு என்விஎம்இ போட இரண்டு எம்.2 ஸ்லாட்டும் ஒரு 2.5 அங்குல இடமும் உண்டு. டிஸ்க் வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060 மைக்ரோவில் ஒரு எம்.2, ஒரு 2.5 அங்குலம்.

இவை எல்லாவற்றிலும் வைஃபை கார்டுக்கென்று ஒரு குட்டி எம்.2 ஸ்லாட் இருக்கும். ஈ-கீ வகை ('கீ' என்பது செருகும் முனையின் வெட்டு வடிவம்), 30 மிமீ நீளம். பிசிஐஇ ஸ்லாட் இல்லாத பெட்டியில் இரண்டாவது லேன் போர்ட்டுக்கு இதுதான் வழி. 4ஆம் பகுதியில் வருகிறேன்.

3. எதுவும் மாட்டும் முன் பயாஸுக்குள் போங்கள்

பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரைதான் பயாஸ். ஆன் செய்ததும் அமுக்க வேண்டியது லெனோவோவில் எஃப்1, ஹெச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2. பழைய கம்பெனியின் பாஸ்வேர்ட் கேட்டால் அந்தப் பெட்டியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதிய மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்ட் போகும் என்பதெல்லாம் நடக்காது. கடைக்காரர் "அது ஒண்ணும் பிரச்சனை இல்லைங்" என்றால், அவரையே முன்னால் நின்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் பயாஸைப் புதுப்பியுங்கள். கார்டு, டிஸ்க் எல்லாம் மாட்டிய பிறகு புதுப்பித்து ஏதாவது கோளாறு வந்தால், காரணம் பயாஸா பார்ட்டா என்று தெரியாமல் அல்லாட வேண்டியிருக்கும்.

அடுத்து டிஸ்க் மோடு. டெல் பெட்டிகள் பெரும்பாலும் 'ரெய்டு ஆன்' (ரெய்டு என்பது பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் முறை) நிலையில்தான் வருகின்றன. அதை ஏஹெச்சிஐ (டிஸ்க்கைத் தனியாக அப்படியே காட்டும் சாதாரண மோடு) ஆக மாற்றவில்லை என்றால் லினக்ஸ் நிறுவும்போது என்விஎம்இ டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. பலர் இந்த இடத்தில்தான் டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஏற்கெனவே விண்டோஸ் இருந்து அதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் சும்மா மாற்றிவிடாதீர்கள், பூட் ஆகாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் துவக்கும்படி அமைத்து, ரீஸ்டார்ட் செய்யும்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறிய பிறகு சாதாரண நிலைக்கு வர வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி ஒரு அமைப்பு எல்லா பயாஸிலும் உண்டு. அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். ரூட்டராக ஓடும் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை காலை யாராவது போய் பட்டனை அமுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளக்கூடாது.

4. நெட்வொர்க் கார்டைத் தேர்வு செய்தல்

இரண்டு இன்டர்நெட் லைன், ஒரு ஆபீஸ் நெட்வொர்க் சுவிட்ச் என்ற அளவுக்கு நான்கு கிகாபிட் போர்ட் உள்ள இன்டெல் ஐ350-டி4 போதும். சுமார் 5 வாட்தான் எடுக்கும், லினக்ஸிலும் பிஎஸ்டி சார்ந்த ஃபயர்வால்களிலும் டிரைவர் தேடவேண்டியதில்லை. இதற்குப் போலி கார்டுகள் ஏராளம். சர்வரில் இருந்து கழற்றிய டெல், ஹெச்பி முத்திரை உள்ள பழைய கார்டு, பளபளவென்று மலிவாகக் கிடைக்கும் 'புது' கார்டைவிட நம்பகமானது.

10 ஜிபிபிஎஸ் வேண்டும் என்பவர்கள் எஸ்எஃப்பி பிளஸ் (மாட்யூலோ தனிக் கேபிளோ செருகும் போர்ட்) வகையை எடுங்கள். இன்டெல் எக்ஸ்520-டிஏ2 இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்து 10 வாட்டுக்குள் அடங்கும். காப்பர் போர்ட் (சாதாரண லேன் கேபிளின் ஆர்ஜே45 முனை செருகும் போர்ட்) உள்ள பழைய எக்ஸ்540-டி2 போன்றவை 15 வாட்டைத் தாண்டும். அந்தச் சூட்டை வெளியே தள்ளச் சர்வர் ஃபேன் வேண்டும், இந்தப் பெட்டியில் அது கிடையாது. எஸ்எஃப்பி போர்ட்டில் ஆர்ஜே45 மாட்யூல் செருகுவதும் சூட்டைக் கூட்டும். பக்கத்திலேயே சுவிட்ச் இருந்தால் டிஏசி கேபிள் (இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் செம்புக் கேபிள்) போடுங்கள். எக்ஸ்520 வேறு கம்பெனி மாட்யூலை ஏற்க மறுக்கும். லினக்ஸில் ஐஎக்ஸ்ஜிபிஈ டிரைவருக்கு அதை அனுமதிக்கச் சொல்லி ஒரு அளவுரு கொடுத்தால் சரியாகிவிடும்.

பிசிஐஇ ஸ்லாட் இல்லாத ஹெச்பி, டெல் பெட்டிகளில் வைஃபை கார்டை எடுத்துவிட்டு, அந்த ஸ்லாட்டில் 2.5 ஜிபிபிஎஸ் லேன் அடாப்டர் ஒன்றைப் போடலாம். ரியல்டெக் 8125, இன்டெல் ஐ226 சிப் உள்ளவை கிடைக்கின்றன. அந்த ஸ்லாட்டில் டேட்டா போக ஒரே ஒரு பிசிஐஇ தடம்தான், ஆனாலும் 2.5 ஜிபிபிஎஸுக்குத் தாராளம். வாங்கும்போது 'ஏ பிளஸ் ஈ கீ' என்று இருக்கிறதா பாருங்கள். 'பி பிளஸ் எம்' வாங்கினால் நுழையாது. ஆர்ஜே45 முனை ஒரு ரிப்பன் கேபிளில் தொங்கும். அதைப் பின்பக்கத்தில் எந்தத் துளை வழியாக வெளியே எடுப்பது என்று முன்கூட்டியே பாருங்கள்.

யூஎஸ்பி லேன் அடாப்டர்? இரண்டாவது இன்டர்நெட் லைனுக்கு, அதுவும் ஸ்டாண்ட்பை லைனுக்கு, ஓகே. மெயின் லைனுக்கு நான் போடுவதில்லை. துடைக்கிறேன் என்று யாராவது தட்டிவிட்டால் போதும், ஆபீஸ் முழுக்க நெட் நின்றுவிடும்.

5. பவர் கணக்கு

இந்தப் பெட்டிகளோடு பெரும்பாலும் வருவது 65 அல்லது 90 வாட் அடாப்டர். 35 வாட் 'டி' வகை ப்ராசஸர், ஒரு என்விஎம்இ, ஐ350 கார்டு என்றால் 65 வாட்டே சமாளிக்கும். 65 வாட் ப்ராசஸரோடு 10 ஜிபிபிஎஸ் கார்டும் சேர்ந்தால் பெரிய அடாப்டருக்குப் போங்கள். குறைந்த அடாப்டரில் பெட்டி ஆன் ஆகும், நன்றாகவும் ஓடும்; பேக்கப் ஓடும் நேரம் பார்த்து அணைந்துவிடும். அதனால்தான் இந்தக் கோளாறைப் பிடிப்பது கடினம்.

அதே கம்பெனியின் அடாப்டரையே வாங்குங்கள். டெல் அடாப்டரின் நடு ஊசி வாட் அளவைப் பெட்டிக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் கிடைக்காவிட்டால் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மந்தமாக ஓடும். புதுக் கார்டு போட்டதும் எல்லாம் ஸ்லோ ஆகிவிட்டது என்று வரும் புகார்களில் இந்த அடாப்டர் சங்கதியும் உண்டு.

6. கையில் இருக்க வேண்டியவை

ரைசர் (எம்720கியூ, எம்920 வகைகளுக்கு 01ஏஜே940), கார்டுக்கு ஏற்ற பின்பக்கத் தகடு, எம்.2 ஸ்க்ரூ, காந்த முனை ஸ்க்ரூடிரைவர், மானிட்டர், கீபோர்டு. கடைசி இரண்டையும் மறக்காதீர்கள், காரணம் 9இல்.

பின்பக்கத் தகடுதான் கிடைக்காமல் இழுத்தடிக்கும். சாதாரண லோ ப்ரொஃபைல் பிராக்கெட் டைனிக்குப் பொருந்தாது. தகடு இல்லாமல் விட்டால், கேபிளைச் செருகும்போதெல்லாம் கார்டு ரைசரில் இருந்து அசையும். நாம் இருப்பது கோயம்புத்தூர் சுற்றுவட்டாரம். கார்டையும் பெட்டியின் பின்பக்க அளவையும் கொண்டுபோய் லேசர் கட்டிங் பட்டறை எதிலாவது கொடுத்தால் 1 மிமீ தகட்டில் வெட்டித் தந்துவிடுவார்கள். ஓரத்தை ராவி எடுக்கச் சொல்லுங்கள், கேபிளைக் கிழிக்கும்.

7. மாட்டும் வரிசை

ஒரு தடவைக்கு ஒரு பார்ட் மட்டும். கார்டு, டிஸ்க், ரேம் மூன்றையும் ஒரே மூச்சில் மாட்டி, பெட்டி ஆன் ஆகவில்லை என்றால் மூன்றையும் கழற்றவேண்டி வரும்.

அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடிகள் அமுக்குங்கள், மிச்சக் கரண்ட் இறங்கும். பெட்டியின் இரும்பு உடலைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

முதலில் அடிப்பக்க வேலை: ரேம், எம்.2. கார்டு ஏறிய பிறகு பெட்டியைக் கவிழ்த்தால் ரைசர் மேல் பாரம் விழும், அதற்காகத்தான் இந்த வரிசை. என்விஎம்இயைச் சாய்வாகச் செருகிப் படுக்க வைத்து ஸ்க்ரூ போடுங்கள். போர்டில் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடின் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா பாருங்கள். இந்த நிலையில் ஒருமுறை ஆன் செய்து, டிஸ்க் தெரிகிறதா என்று பயாஸில் பார்த்துவிட்டு அணையுங்கள்.

அடுத்து 2.5 அங்குலக் கேடியை எடுத்துவிட்டு, ரைசரைப் போர்டில் நேராக அழுத்துங்கள். கார்டை வெளியிலேயே ரைசரில் செருகி இரண்டையும் சேர்த்து இறக்குகிறவர்கள் உண்டு. எனக்கு ரைசர் முதலில், கார்டு அப்புறம் என்பதுதான் சுலபமாக வருகிறது. தகட்டில் போர்ட்டுகள் நேராக வந்து நிற்க வேண்டும். கார்டின் ஹீட்சிங்க் மேல் மூடியில் முட்டுகிறதா என்று மூடியைச் சும்மா வைத்துப் பாருங்கள். அழுத்தி மூடவேண்டி வந்தால் அந்தக் கார்டு இந்தப் பெட்டிக்கு இல்லை.

8. டிஸ்க்: உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

இயங்குதளம் ஒரு டிஸ்க்கில், டேட்டா வேறு டிஸ்க்கில். முடிந்தவரை இதில் சமரசம் வேண்டாம். இயங்குதளத்தை அழித்து மீண்டும் போடும் நாள் வரும்போது டேட்டா பக்கம் கை வைக்காமல் இருக்கலாம்.

கார்டு போட்ட எம்720கியூவில் உள்ளே ஒரே எம்.2தான் மிச்சம். அங்கே இரண்டு வழி. பெரிய என்விஎம்இ ஒன்றைப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். இயங்குதளத்துக்கும் டேட்டாவுக்கும் ஒரே டிஸ்க் என்ற குறை இருக்கும். அல்லது டேட்டாவை யூஎஸ்பியில் வெளியே வைக்கலாம். ராத்திரி ஒருமுறை பேக்கப் எடுக்கும் ஆபீஸுக்கு யூஎஸ்பி டிஸ்க்கே போதும். ஆனால் இரண்டு யூஎஸ்பி டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டு போடாதீர்கள். ஒரு கேபிள் ஒரு நொடி விட்டுப்போனாலும் ஒரு டிஸ்க் வெளியேறிவிட்டதாகக் கணக்காகி, மொத்தமும் மறுபடி சேர்க்கப்படும். இரண்டையும் தனித்தனியாக வைத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு நகல் எடுங்கள்.

எம்.2 ஸ்லாட்டில் சாட்டா அடாப்டர் (சாதாரண டிஸ்க் போர்ட்டுகள் தரும் கார்டு) போட்டு ஐந்தாறு டிஸ்க் மாட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஜேஎம்பி585 சிப் ஐந்து போர்ட், ஏஎஸ்எம்1166 ஆறு போர்ட் தரும், வேலையும் செய்யும். சிக்கல் கரண்டில். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், சுழலத் தொடங்கும் நொடியில் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நாலு டிஸ்க் ஒன்றாகத் தொடங்கினால் கிட்டத்தட்ட 100 வாட். இந்தப் பெட்டிக்குள் அதைத் தரும் இடமே இல்லை. வெளியே தனி சப்ளை வைத்து, கேபிளுக்காக மூடியைத் திறந்தே போட வேண்டும். மூன்று டிஸ்க்குக்கு மேல் தேவை என்றால், பெரிய கேபினட்டில் ஒரு சாதாரண பிசி போடுவது மலிவு, நிம்மதியும்கூட.

9. ஆன் செய்ததும் நெட் போயிடுச்சா?

அதிகம் பேர் பதறுவது இங்கேதான். புராக்ஸ்மாக்ஸோ (ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லினக்ஸ்) வேறு லினக்ஸோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் புதுக் கார்டு அல்லது இரண்டாவது என்விஎம்இ மாட்டி ஆன் செய்கிறீர்கள். லைட் எரிகிறது, ஆனால் பிரவுசரில் பெட்டி வரமாட்டேன் என்கிறது. கார்டு போர்டைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து உடனே கழற்றிவிடுகிறார்கள். கழற்றினதும் சரியாகிவிடுவதால் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது.

நடந்தது இவ்வளவுதான். லினக்ஸ் லேன் போர்ட்டுக்குப் பெயர் வைப்பது அது பிசிஐஇ பஸ்ஸில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து. புது ஆள் நடுவே வந்தால் எண் ஒன்று தள்ளிப்போகும், பழைய போர்ட்டுக்குப் புதுப் பெயர் வந்துவிடும். அமைப்புக் கோப்பிலோ பழைய பெயரே இருக்கும்.

மானிட்டர், கீபோர்டு மாட்டி உள்ளே போய், இப்போதைய பெயர்களைப் பட்டியலிட்டு, நெட்வொர்க் கோப்பில் பிரிட்ஜுக்கு (போர்ட்டுகளை இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச்) கீழே உள்ள பெயரைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது மறுபடி நடக்காமல் இருக்க, மேக் முகவரியை (ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய அடையாள எண்) வைத்து ஒவ்வொரு போர்ட்டுக்கும் நிலையான பெயர் கொடுங்கள். சிஸ்டம்டியின் (லினக்ஸைத் துவக்கி நிர்வகிக்கும் பகுதி) லிங்க் கோப்பு இதற்குத்தான். புராக்ஸ்மாக்ஸ் 9இல் இதற்கென்று தனிக் கருவியே வந்துவிட்டது. இதைக் கார்டு மாட்டுவதற்கு முன்பே பழைய போர்ட்டுக்குச் செய்துவைத்தால் பதற்றமே இருக்காது.

டிஸ்க்குக்கும் இதே கதை. எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) டிஸ்க்கை அதன் யூயூஐடியைக் (டிஸ்க்கின் தனி அடையாள எண்) கொண்டு குறிப்பிடுங்கள், கூடவே 'நோஃபெயில்' என்ற விருப்பத்தையும் சேருங்கள். அது இல்லாமல் யூஎஸ்பி டிஸ்க்கை யாராவது கழற்றியிருந்தால், பெட்டி பாதியில் அவசர நிலைக்குப் போய் நின்றுகொள்ளும். ஒரு பேக்கப் டிஸ்க்குக்காக ரூட்டர் நிற்பதா?

10. சோதனை

ஒவ்வொரு போர்ட்டிலும் லிங்க் வேகத்தைப் பாருங்கள். 1000 வரவேண்டிய இடத்தில் 100 என்று வந்தால் கார்டைச் சந்தேகப்படும் முன் கேபிளை மாற்றுங்கள். எட்டு கம்பியில் ஒன்று கிரிம்பில் சரியாகப் பிடிக்காவிட்டாலும் வேகம் 100க்கு இறங்கிவிடக்கூடும். ஐபெர்ஃப் (நெட்வொர்க் வேகம் அளக்கும் மென்பொருள்) வைத்து இரண்டு பெட்டிகளுக்கு இடையே அளந்தால் கிகாபிட்டில் 940 எம்பிபிஎஸ் பக்கம் வர வேண்டும்.

டிஸ்க்குக்கு ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும் வசதி) நீண்ட சோதனையை ஓட்டுங்கள். பிறகு பெரிய கோப்பு ஒன்றை நெட்வொர்க் வழியாகத் தொடர்ந்து நகலெடுத்துக்கொண்டே ப்ராசஸர், என்விஎம்இ இரண்டின் வெப்பத்தையும் கவனியுங்கள். மூடியை மூடி, பெட்டி நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து இதைச் செய்யுங்கள். ஏசி அறையில் மேஜை மேல் வரும் எண்ணுக்கும், சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே வரும் எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது.

11. பஞ்சும் கரண்ட்டும்

திருப்பூர், பல்லடம், சோமனூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது பஞ்சுத் தூசி. டைனியில் காற்று முன்பக்கச் சல்லடை வழியே உள்ளே போய்ப் பின்பக்கம் வெளியேறும். தறியோ தையல் மெஷினோ ஓடும் ஹாலில் வைத்தால் அந்தச் சல்லடையிலும் ஹீட்சிங்க் இதழ்களிலும் பஞ்சு மெத்தையாகப் படிந்துவிடும். கார்டு போட்ட பிறகு உள்ளே காற்று போகும் வழி இன்னும் குறுகியிருப்பதால், கார்டு இல்லாதபோது தாங்கிய பெட்டிகூட இப்போது சூட்டில் திணறும். ஹாலுக்கு வெளியே வையுங்கள். முடியாவிட்டால் மாதம் ஒருமுறை பின்பக்கத்தில் இருந்து முன்பக்கமாக புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். சல்லடைக்கு மேல் துணி கட்டுவது வேண்டாம், அது காற்றையும் சேர்த்து அடைக்கும்.

மோட்டார்களோடு ஒரே லைனில் இருந்தால் சின்ன யூபிஎஸ் ஒன்று அவசியம். பெட்டியை மட்டும் அதில் மாட்டிவிட்டு, சுவிட்ச்சையும் ஃபைபர் மோடத்தையும் நேராகச் சுவரில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் போனால் ரூட்டர் மட்டும் விழித்திருந்து என்ன பயன்? மூன்றையும் அதே யூபிஎஸ்ஸில் போடுங்கள். யூபிஎஸ்ஸில் இருந்து யூஎஸ்பி கேபிளை எடுத்துப் பெட்டியில் செருகி, பேட்டரி குறையும்போது முறையாக அணையும்படி அமையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குப் பாதுகாப்பு அதுதான்.

எல்லாம் முடிந்ததும் நான்கு போர்ட்டுக்கும் பின்னால் லேபிள் ஒட்டுங்கள்: லைன் 1, லைன் 2, ஆபீஸ், காலி. அடுத்த தடவை கேபிள் மாற்ற வருகிறவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.